வேலூர் சென்ற ஐஸ் பெட்டியும் தாம்பரம் சானடோரியமும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் வரும் நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். மெப்ஸ் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும் சித்த மருத்துவமனைக்குப் போகிறவர்களும் தினமும் இறங்கி ஏறும் இடம். "சானடோரியம்" என்றால் என்ன என்று யாரும் யோசிப்பதில்லை. அது காசநோயாளிகளுக்கான ஆரோக்கிய நிலையத்தைக் குறிக்கும் சொல். ஒரு காலத்தில் "சானடோரியத்துக்குப் போயிருக்கிறார்" என்று சொன்னாலே அக்கம்பக்கத்தில் குரலைத் தாழ்த்திக் கொள்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் அதே பெயர் இன்னொரு நோய்க்காகவும் தாழ்ந்த குரலில் சொல்லப்பட்டது. அந்த நோய் எய்ட்ஸ்.

இந்தியாவில் எச்.ஐ.வி. வைரஸ் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில் எடுத்த ரத்தத்தில்தான். நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாக வளர்ந்ததும் தாம்பரம்தான். வைரஸின் உடலில் உள்ள புரதங்களின் கதையும் இந்த ஊரின் கதையும் பல இடங்களில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

1981ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் முதல் எய்ட்ஸ் நோயாளிகளைப் பற்றிய குறிப்பு வெளியானது. 1983ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மோன்தானியே குழுவினர் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவின் ராபர்ட் காலோ 1984ல் அதுவே எய்ட்ஸுக்குக் காரணம் என்பதற்கான சான்றுகளை வெளியிட்டார். யார் முதலில் என்று பெரிய சண்டை நடந்தது. (2008ல் நோபல் பரிசு பாரிஸ்காரர்களுக்குத்தான் போனது.) 1985ல் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் எலைசா சோதனை விற்பனைக்கு வந்தது.

அப்போது இந்தியாவில் பரவலாக இருந்த எண்ணம் என்ன தெரியுமா? இது வெள்ளைக்காரர்களின் நோய், ஒழுக்கமான நம் நாட்டுக்கு வராது என்பதுதான். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. டாக்டர்களில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன் அப்படி நம்பவில்லை. சென்னையில் வாழ்ந்த மராத்திக் குடும்பத்தில் பிறந்து, அதே கல்லூரியில் படித்து, வெளிநாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர். 1985ன் கடைசியில் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார்க்கலாமே என்றார் சுனிதி. நிர்மலாவுக்கு அப்போது வயது 32. இரண்டு சிறு குழந்தைகளின் தாய். கிராமத்துப் பின்னணியில் வளர்ந்தவர். முதலில் தயங்கினார். செய் என்று ஊக்கப்படுத்தியவர் அவருடைய கணவர்.

இருநூறு பேரிடம் ரத்தம் சேகரிக்க வேண்டும், அதில் பாலியல் தொழிலாளர்களும் இருக்க வேண்டும் என்பது திட்டம். பம்பாயைப் போல இதற்கென்று பேர்போன தெரு எதுவும் சென்னையில் கிடையாது. எங்கே போய்த் தேடுவது? சென்ட்ரல் எதிரே உள்ள பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய்களுக்காக வரும் பெண்களோடு நிர்மலா பேசிப் பழகினார். அவர்களில் பலருடைய சீட்டில் "வி ஹோம்" என்று எழுதியிருப்பதைக் கவனித்தார். விஜிலன்ஸ் ஹோம். போலீஸ் பிடித்த பெண்களையும் ஆதரவற்ற பெண்களையும் அடைத்து வைக்கும் அரசுக் காப்பகம். ஜாமீன் தொகை கட்ட வசதியில்லாதவர்கள் அங்கே கிடந்தார்கள்.

தினமும் வேலைக்குப் போகும் முன் நிர்மலா அந்தக் காப்பகத்துக்குப் போனார். மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறை இல்லை, வேறு பாதுகாப்புச் சாதனம் எதுவும் இல்லை. எதற்கு ரத்தம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவும் இல்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இந்த விஷயத்துக்குப் பிறகு திரும்ப வர வேண்டியிருக்கும்.

எடுத்த ரத்தத்தை வைக்க ஆய்வகத்தில் வசதி கிடையாது. சுனிதியின் கணவர் இதய அறுவை மருத்துவர். அவர் உதவியோடு சின்னதாக ஓர் ஏற்பாடு செய்து ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்தார்கள். அதை நிர்மலாவின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்கள். பாலும் மாவும் இருக்கும் ஃப்ரிட்ஜில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. மாதிரிகளும் இருந்தன!

சென்னையில் அப்போது எலைசா வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. 1986 பிப்ரவரியில் ஒரு நாள், ஐஸ் பெட்டியில் மாதிரிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு நிர்மலாவும் கணவரும் இரவு ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கினார்கள். அங்கிருந்து ஆட்டோ. சி.எம்.சி. வைராலஜி துறைத் தலைவர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் தன் துறையிலிருந்து ஜார்ஜ் பாபு, எரிக் சிமோயஸ் என்ற இருவரைத் துணைக்குக் கொடுத்தார். காலை எட்டரைக்குச் சோதனை தொடங்கியது. நண்பகலில் கரண்ட் போனது. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது ஆறு குழிகளில் திரவம் மஞ்சளாக மாறியிருந்தது.

எதனால் மஞ்சள்?

எலைசா தட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அன்றைய சோதனையில், ஆய்வகத்தில் வளர்த்த வைரஸை உடைத்து அதன் புரதங்களைப் பூசியிருப்பார்கள். ரத்த சீரத்தை விட்டால், அதில் இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். ஒட்டியதன் மேல் ஒரு நொதியைச் சேர்த்து, நிறம் மாறும் ரசாயனத்தை ஊற்றுவார்கள். நிறம் வந்தால், இந்த வைரஸின் புரதங்களை அந்த உடல் ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்று பொருள். ஆக வேலூரில் அன்று தெரிந்தது வைரஸ் அல்ல, அதன் கால்தடம்.

ஆனால் எலைசா சில சமயம் பொய் சொல்லும். வேறு ஆன்டிபாடிகள் தவறுதலாக ஒட்டிக்கொண்டாலும் நிறம் வரும். அதனால் அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சிமோயஸ் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே செய்தது வெஸ்டர்ன் பிளாட் என்ற சோதனை. இதில் வைரஸ் புரதங்களை எடை வாரியாக ஒரு ஜெல்லில் பிரித்து, ஒரு தாளில் பதிய வைத்து, அதன் மேல் சீரத்தை ஓட்டுவார்கள். எந்தெந்தப் புரதத்தோடு ஆன்டிபாடி ஒட்டியதோ அங்கெல்லாம் ஒரு கோடு விழும். ஒரே ஒரு கோடு என்றால் சந்தேகம். பி24, ஜிபி41, ஜிபி120 என்று வரிசையாகக் கோடுகள் விழுந்தால் சந்தேகமே இல்லை. ஆறு பேரின் ரத்தமும் உறுதியானது.

இந்தப் பெயர்களில் வரும் எண்களைப் பார்த்துப் பலர் மிரண்டுபோவார்கள். ஒன்றுமில்லை, எடைதான். "பி" என்றால் புரோட்டீன், "ஜிபி" என்றால் சர்க்கரை ஒட்டிய புரோட்டீன் (கிளைக்கோபுரோட்டீன்). 24, 41, 120 எல்லாம் கிலோடால்டன் கணக்கில் அவற்றின் தோராய எடை.

தகவல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போனது. பிரதமர் ராஜீவ் காந்திக்கும் போனது. 1986 மே மாதம் தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். வேடிக்கை என்னவென்றால் அதே மே மாதத்தில்தான் வைரஸ் பெயரிடும் குழு, பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரும் வேண்டாம், அமெரிக்கர்கள் வைத்த பெயரும் வேண்டாம் என்று எச்.ஐ.வி. என்ற புதுப் பெயரை முன்வைத்தது. தமிழ்நாட்டுக்கு வைரஸ் வந்த செய்தியும் வைரஸுக்குப் பெயர் வந்த செய்தியும் ஒரே மாதத்தில்!

நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பிறகு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து 2010ல் ஓய்வு பெற்றார். பல ஆண்டுகள் அவர் பெயர் வெளியே அதிகம் தெரியாமலே இருந்தது.

எல்லாம் சரி. அந்தக் காப்பகத்துப் பெண்கள்?

இங்கேதான் கதை கசக்கிறது. சோதனைகள் விரிவடைந்தபோது, வைரஸ் இருப்பது தெரிந்த பெண்களைத் தடுப்புக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடாமல் காப்பகத்திலேயே வைத்துக்கொண்டார்கள். வெளியே விட்டால் நோயைப் பரப்புவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அவர்களுக்கு வைரஸைக் கொடுத்த ஆண்களை யாரும் தேடவும் இல்லை, பூட்டவும் இல்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990ல் நீதிமன்றம் அந்தப் பெண்களை விடுவித்தது. இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததல்ல. கோவாவில் 1989ல் டொமினிக் டிசூசா என்ற இளைஞர் ரத்த தானம் செய்யப் போய், வைரஸ் இருப்பது தெரிந்ததால் 64 நாட்கள் ஒரு பழைய சானடோரியத்தில் அடைக்கப்பட்டார். அங்கேயும் சானடோரியம்தான்!

அன்று விஞ்ஞானம் கண்டுபிடித்தது, சர்க்கார் பூட்டியது. ரத்தம் கொடுத்தவர்களுக்குச் சிகிச்சை என்று கொடுக்க அப்போது எதுவும் இல்லை. முதல் மருந்தான ஏ.இசட்.டி. அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1987ல்தான். அதன் விலை இங்கே யாரும் எட்டிப் பார்க்க முடியாதது.

அந்த வைரஸ் அப்படி என்னதான் பெரிய ஆள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அதன் விட்டம் சுமார் 100 முதல் 120 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் எட்டாயிரம் வைரஸ்களுக்கு மேல் வரிசையாக நிற்கலாம். அதன் மரபுச் செய்தி முழுவதும் சுமார் 9,700 எழுத்துகள். மனிதனுடையது 300 கோடி எழுத்துகள். ஒன்பதே ஒன்பது மரபணுக்கள், பதினைந்து புரதங்கள். இவ்வளவை வைத்துக்கொண்டு உலகத்தையே ஆட்டிவைத்தது.

வெளியே ஒரு கொழுப்புப் படலம். அது வைரஸின் சொந்தச் சொத்து அல்ல. வெளியே வரும்போது மனித செல்லின் சவ்விலிருந்தே கிழித்துப் போர்த்திக்கொண்டு வந்தது. அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சுமார் பதினைந்து முள்கள்தான். இன்ஃபுளுயன்சா வைரஸில் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு முள்ளும் மூன்று ஜிபி120, மூன்று ஜிபி41 சேர்ந்தது. ஜிபி120 வெளியே தொப்பி போல இருக்கும், ஜிபி41 அதைப் படலத்தோடு பிணைக்கும். இரண்டும் ஜிபி160 என்ற ஒரே புரதமாகப் பிறந்து பிறகு வெட்டுப்பட்டுப் பிரிந்தவை. வெட்டும் கத்தியும் மனித செல்லுடையதுதான்.

ஜிபி120 நம் ரத்தத்தில் தேடுவது சிடி4 என்ற புரதத்தை. அது உதவி டி செல்களின் மேல் இருக்கிறது. அதைப் பிடித்ததும் ஜிபி120 வடிவம் மாறி, சி.சி.ஆர்.5 என்ற இரண்டாவது பிடியைப் பற்றும். உடனே ஜிபி41 ஈட்டி போல நீண்டு செல்லின் சவ்வில் குத்தி, இரண்டு சவ்வுகளையும் இழுத்து ஒட்டிவிடும். கதவு திறந்தது.

ஆன்டிபாடிகள் இருந்தும் ஏன் இதைத் தடுக்க முடிவதில்லை? ஜிபி120ன் எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரை. அதுவும் மனித செல் ஒட்டிய சர்க்கரை. நம் உடல் அதைப் பார்த்தால் "நம்ம ஆள்" என்றே நினைக்கும். திருடன் போலீஸ் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வருகிறான்.

படலத்துக்கு உள்ளே பி17 உள்பூச்சாக நிற்கும். அதற்கும் உள்ளே கூம்பு வடிவத்தில் ஒரு கூடு. அது முழுவதும் பி24 என்ற ஒரே புரதத்தால் ஆனது. சுமார் 1,500 பிரதிகள் ஆறாறாகக் கைகோத்து அறுகோணங்களாக நிற்கும். அறுகோணங்களை மட்டும் வைத்து மூடிய கூடு கட்ட முடியாது (கால்பந்தைப் பாருங்கள், கறுப்பு ஐங்கோணங்கள் இருக்கும்). இங்கும் சரியாகப் பன்னிரண்டு ஐங்கோணங்கள் உண்டு. கூட்டுக்குள்ளே பி7 புரதம் சுற்றிய இரண்டு ஆர்.என்.ஏ. இழைகள். கூடவே மூன்று நொதிகள்.

முதல் நொதி ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும். 1970ல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் வேறு வைரஸ்களில் இதைக் கண்டுபிடித்தபோது உயிரியலே தலைகீழானது. இந்த எழுத்தருக்கு எழுதியதைத் திரும்பப் படிக்கும் பழக்கம் கிடையாது. அதனால் பிழைகள் மலிந்துகொண்டே போகும். ஒரு நோயாளியின் உடலில் தினமும் பிறக்கும் கோடிக்கணக்கான வைரஸ்களில் ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை. நோயெதிர்ப்பு சக்தியும் தடுப்பூசியும் தடுமாறுவதற்கு முக்கியக் காரணம் இந்தக் கவனக்குறைவுதான். இரண்டாவது நொதி இன்டெக்ரேஸ். எழுதிய டி.என்.ஏ.வை மனித குரோமோசோமுக்குள் வெட்டி ஒட்டும். ஒட்டிய பிறகு அது நம் மரபின் ஒரு பகுதி போல உறங்கும். மருந்தால் வைரஸை அடக்க முடிகிறதே தவிர துடைத்தெறிய முடியாததன் காரணம் இதுதான். மூன்றாவது புரோட்டியேஸ். புதிதாகப் பிறந்த நீளமான புரதச் சங்கிலிகளை அளவாக வெட்டி பி17, பி24, பி7 என்று பிரிக்கும். இந்தக் கத்தரிக்கோல் வேலை செய்யாவிட்டால் வெளிவரும் வைரஸ் வெறும் பிண்டம்.

டாட், ரெவ், விஃப், விபிஆர், விபியு, நெஃப் என்று இன்னும் ஆறு குட்டிப் புரதங்கள் உண்டு. உற்பத்தியை வேகப்படுத்துவது, செல்லின் காவலாளிகளை முடக்குவது இவற்றின் வேலை.

வைரஸ் சிடி4 செல்களைத் தின்றுகொண்டே போகும். காசநோய்க் கிருமி இந்தியர்களில் மிகப் பலருடைய நுரையீரலில் சத்தமில்லாமல் உறங்கிக் கிடக்கிறது. அதைத் தூங்க வைத்திருப்பதே இந்தச் சிடி4 செல்கள்தான். காவல் போனதும் அது எழுந்துவிடும். அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகள் அரிய வகை நிமோனியாவோடு வந்தார்கள். தமிழ்நாட்டில் டி.பி.யோடு வந்தார்கள். டி.பி. வந்தால் எங்கே போவார்கள்? தாம்பரத்துக்கு.

அந்த சானடோரியம் 1928ல் தொடங்கியது. நிறுவியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. இங்கிலாந்தின் மென்டிப் மலையில் சானடோரியம் நடத்திய தமிழர். 1917ல் கணித மேதை ராமானுஜன் நோயுற்றபோது கொஞ்ச காலம் இருந்தது முத்துவின் அந்த நிலையத்தில்தான். மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, இவைதான் வைத்தியம். சென்னைக்கு வெளியே காற்றோட்டமான ஊர் என்று தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்தார். (இன்றைய ஜி.எஸ்.டி. சாலையில் நின்றுகொண்டு இதைப் படித்தால் சிரிப்பு வரும்.) 1937ல் அரசு எடுத்துக்கொண்டது. டி.பி.க்கு மாத்திரைகள் வந்த பிறகு, நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1959ல் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தின் புகழ்பெற்ற ஆய்வு காட்டியது. சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிந்தது. தாம்பரம் மட்டும் அரசு நெஞ்சக மருத்துவமனையாக நீடித்தது.

1990களில் அங்கே எச்.ஐ.வி. நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். மற்ற இடங்களில் கதவைச் சாத்தியபோது இங்கே படுக்கை கிடைத்தது. செய்தி பரவியது. தென் மாவட்டங்களிலிருந்து வந்தார்கள், ஆந்திராவிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கொடுக்க என்ன இருந்தது? டி.பி. மாத்திரைகள், வயிற்றுப்போக்குக்கும் பூஞ்சைக்கும் மருந்து, ஆறுதல். அன்றைய கண்காணிப்பாளர் டாக்டர் சி.என். தெய்வநாயகம் சித்த மருந்துகளை முயன்றார். ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றும் சேர்ந்த சிகிச்சை அது. பலருக்குப் பசி எடுத்தது, எடை கூடியது என்று மருத்துவமனை சொன்னது. ஆனால் இது வைரஸை அடக்குகிறது என்று பெரிய ஒப்பீட்டு ஆய்வு எதுவும் நிறுவவில்லை. இதைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அதே ஆண்டுகளில் நியூயார்க்கில் கிடைத்த மருந்து தாம்பரத்துக்கு வரவில்லை. கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள்.

சுனிதி சாலமன் 1993ல் அரசு வேலையை விட்டுவிட்டு, தந்தை பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். பிறகு அது தரமணி வி.எச்.எஸ். வளாகத்தில் இயங்கியது. சிகிச்சையோடு நிற்காமல், வைரஸ் உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் ஜாதகம் பார்ப்பது போலச் சிடி4 எண்ணிக்கை பார்த்துக் கல்யாணம் பேசி முடித்தார் அவர். 1997ல் வைரஸோடு வாழ்பவர்களே சேர்ந்து சென்னையில் ஓர் அகில இந்திய அமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு பி. கௌசல்யா முதலான பெண்கள் தங்களுக்கென்று தனி அமைப்பு கண்டார்கள். கணவனிடமிருந்து நோயைப் பெற்று, கணவன் போனதும் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் அவர்களில் பலர். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் "புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று கேட்டது நினைவிருக்கும். அந்தக் கேள்வியைக் காப்பகத்துப் பெண்களிடம் கேட்காமல் கடைசியில் ஆண்களிடம் கேட்டார்களே, அதுவே ஒரு முன்னேற்றம்.

இதற்கிடையே வெளியுலகில் புரதங்கள் ஒவ்வொன்றாகச் சிக்கின. 1989ல் புரோட்டியேஸின் முப்பரிமாண வடிவம் தெரிந்தது. இரண்டு ஒரே மாதிரிப் பாதிகள் பட்டாம்பூச்சி போலச் சேர்ந்தது. ஒவ்வொரு பாதியிலும் 99 அமினோ அமிலங்கள். நடுப்பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் மூலக்கூறுகளை வரைந்து செய்தார்கள். 1995 டிசம்பரில் முதல் புரோட்டியேஸ் தடுப்பான் அனுமதி பெற்றது. 1996ல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஒரு மருந்திலிருந்து தப்பிக்க வைரஸுக்கு ஓர் எழுத்துப்பிழை போதும். மூன்றிலிருந்தும் ஒரே சமயத்தில் தப்பிக்கச் சரியான பிழைகள் எல்லாம் ஒன்றாக அமைய வேண்டும், அது மிக அரிது. சூட்சுமம் அவ்வளவுதான்.

ஆனால் வருடச் செலவு ஒருவருக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல்! 2001 பிப்ரவரியில் மும்பை சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீத் மூன்று மருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்போது இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். அந்தச் சட்டம் 2005ல் மாறியது. நான்கு ஆண்டு இடைவெளியில் உலக ஏழைகளுக்குக் கிடைத்த ஜன்னல் அது.

2004 ஏப்ரல் 1. மத்திய அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் எட்டு மையங்களில் தொடங்கியது. அதில் ஒன்று தாம்பரம். ஸ்டாவுடின் அல்லது சிடோவுடின், லாமிவுடின், கூடவே நெவிராபின் அல்லது எஃபாவிரென்ஸ். கவனித்தால் தெரியும், இந்த மூன்றுமே தாக்குவது ஒரே புரதத்தை, அந்தக் கவனமில்லாத எழுத்தர் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸை. தாம்பரத்துக்கு வேறு ஒரு தலைவலியும் இருந்தது. டி.பி. மருந்து ரிஃபாம்பிசின், கல்லீரலைத் தூண்டி நெவிராபினைச் சீக்கிரம் கரைத்துவிடும். டி.பி.யும் இருப்பவர்களுக்கு எஃபாவிரென்ஸ்தான் கொடுக்க வேண்டும். வருகிறவர்களில் பெரும்பகுதி டி.பி.காரர்கள்! ஸ்டாவுடின் மலிவு, ஆனால் கன்னச் சதையை உருக்கி, பாத நரம்புகளை எரியவைக்கும். 2009ல் அதைக் கைவிடச் சொன்னது உலக சுகாதார நிறுவனம். அதுவரை ஒடுங்கிய கன்னமே நோயைக் காட்டிக்கொடுத்தது. உயிர் மிஞ்சியது, ரகசியம் மிஞ்சவில்லை. பிற்பாடு டெனோஃபோவிர் வந்தது, இன்டெக்ரேஸைத் தடுக்கும் டோலுடெக்ராவிர் வந்தது. மூன்றும் சேர்ந்து நாளுக்கு ஒரே மாத்திரை என்றானது. ஆரம்பத்தில் சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே விழுந்தால்தான் மருந்து என்று இருந்த விதியும் மாறி, 2017 முதல் வைரஸ் இருப்பது தெரிந்தவர் எல்லோருக்கும் மருந்து.

தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளிடம் தொற்று 2000ல் 1.7 சதவீதமாக இருந்தது, 2004ல் 1.1 சதவீதமாகக் குறைந்தது என்று 2006ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இலவச மருந்து வருவதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது. ஆணுறையும் பிரசாரமும் செய்த வேலை.

தடுப்பூசிதான் கைகூடவில்லை. 2006ல் சேத்துப்பட்டு மையத்தில் 32 தன்னார்வலர்களிடம் ஒரு தடுப்பூசியைச் சோதித்தார்கள். இந்தியாவில் பரவியுள்ள சி வகை வைரஸின் புரதச் செய்திகளை, தீங்கற்ற அம்மை வைரஸ் ஒன்றில் ஏற்றியது அது. பாதுகாப்பானது என்று தெரிந்தது, ஓரளவு எதிர்ப்பும் உருவானது. ஆனால் நோயைத் தடுக்கும் ஊசியாக அது வளரவில்லை. ஜிபி120ன் சர்க்கரைப் போர்வையை இன்றுவரை எந்தத் தடுப்பூசியும் முழுதாகக் கிழிக்கவில்லை.

சுனிதி சாலமன் 2015 ஜூலையில் காலமானார். 2017ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே 2017ல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி. சட்டத்தை நிறைவேற்றியது, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. எதற்கு என்று விளக்கிச் சொல்லி, ஒப்புதல் பெறாமல் யாருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்யக்கூடாது, வைரஸ் இருப்பதைக் காரணம் காட்டி வேலையோ சிகிச்சையோ வீடோ மறுக்கக்கூடாது என்கிறது சட்டம். 1986ல் மயிலாப்பூர்க் காப்பகத்தில் கையை நீட்டிய பெண்களுக்கு இந்த இரண்டு உரிமையும் கிடையாது.

2024ல் வந்த செய்தி கடைசிப் புரதத்தைப் பற்றியது. பி24 கூட்டில் ஒட்டிக்கொண்டு அதைக் கட்டவும் விடாமல் பிரியவும் விடாமல் செய்யும் லெனாகபாவிர் என்ற மருந்து. ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி. தென் ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் தொற்று இல்லாத 2,134 இளம் பெண்களுக்கு இதைப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று, 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக 2025ல் அறிவித்தன. வேலூரில் ஆறு குழிகளை மஞ்சளாக்கிய ஆன்டிபாடிகள் தேடிப் பிடித்த வைரஸ் புரதங்களில் இந்த பி24ம் ஒன்று.